வண்டி நம்பர் தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு

ஊர் முடிந்து பைபாஸ் தொடங்கும் இடங்களில் தெருவிளக்கு குறைவு, வண்டிகளுக்கு வேகம் அதிகம். சாலையைக் கடப்பவரையோ சைக்கிளில் போகிறவரையோ ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விடும். நம்பரைப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். யார் மேல் கேஸ் போடுவது என்று குடும்பமும் அதோடு விட்டுவிடும். விட வேண்டியதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. இடித்த வண்டி எதுவென்று கண்டுபிடிக்க முடியாத விபத்தில் உயிர் போனால் 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்பு 25,000, 12,500 என்றுதான் இருந்தது. கொடுங்காயம் என்றதும் ஐசியூவில் கிடந்தால்தான் என்று நினைக்காதீர்கள். எலும்பு முறிந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம்தான்.

சரி, யாரிடம் கேட்பது? விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ படிவம் 1இல் விண்ணப்பிக்க வேண்டும். கோட்டாட்சியரையும் ஆர்.டி.ஓ. என்கிறோம், லைசென்ஸ் கொடுப்பவரையும் ஆர்.டி.ஓ. என்கிறோம். தப்பான ஆபீசில் போய் வரிசையில் நிற்காதீர்கள், இது வருவாய்த் துறை வேலை. விசாரணை அறிக்கை ஒரு மாதத்தில் கலெக்டருக்குப் போக வேண்டும். அவர் ஒப்புதல் கொடுத்தபின் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

பெரும்பாலும் சிக்கல் காகிதத்தில்தான் வருகிறது. எப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் ஒன்றும் நகராது. நம்பரே தெரியாதே என்று புகார் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். 'அடையாளம் தெரியாத வாகனம்' என்றே பதிவு செய்யலாம். அப்புறம், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பயத்தில் 'வழுக்கி விழுந்தார்' என்று சொல்லிவிட்டால், காயச் சான்றிதழும் எப்.ஐ.ஆரும் முட்டிக்கொள்ளும். நடந்ததை நடந்தபடி சொல்லி எழுதவையுங்கள். இவற்றோடு பாஸ்புக் நகல், அடையாளச் சான்று, இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

பின்னால் வண்டி சிக்கிவிட்டால், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழுத் தொகை கேட்டு மனு போடலாம். அங்கே பணம் கிடைத்தால், இந்தத் திட்டத்தில் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அதற்காகத்தான்.