ஃபேன்டசி: சொல்லும் அதற்கேற்ற தமிழும்

எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கும். வாசலில் கண்ணாடி வளையல் அடுக்கு, உள்ளே அட்டை அட்டையாக ஸ்டிக்கர் பொட்டு, கலர் கலராக ரிப்பன், ஹேர்பின், கவரிங் தோடு. அந்தப் பெயர்ப்பலகையில் இருக்கும் ‘ஃபேன்சி’யும், புத்தகக் கடையில் தலையணை கனத்துக்கு அடுக்கியிருக்கும் நாவல்களின் மேல் எழுதியிருக்கும் ‘ஃபேன்டசி’யும் ஒரே சொல்தான். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலேயர் வாயில் ஃபேன்டசி தேய்ந்து ஃபேன்சி ஆனது. மனத்தில் தோன்றுவது என்ற பொருள், மனம் ஆசைப்படுவது என்று நகர்ந்து, கண்ணைக் கவரும் அலங்காரம் என்று ஆகி, கடைசியில் நம் வளையல் கடைக்கு வந்து சேர்ந்தது. தேயாமல் நின்ற சொல், நடக்க முடியாதவை நடக்கும் கதைப் புத்தகத்துக்குப் போனது. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு.

வேரிலிருந்து ஆரம்பிக்கலாம். கிரேக்கத்தில் ‘ஃபான்டாசியா’ என்றால் தோற்றம், மனத்தில் எழும் உரு. ‘காணச் செய்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்த பெயர் அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் உயிரைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். ஒளிக்குக் கிரேக்கத்தில் ‘ஃபாவோஸ்’ என்று பெயர். ஒளி இல்லாமல் எதையும் காண முடியாது. ஆகவே மனத்தில் காண்பதற்கும் ஒளியை வைத்தே பெயர் வந்தது என்கிறார். இதே வேர் வடமொழியில் ‘பா’ என்று இருக்கிறது. பிரகாசித்தல் என்று பொருள். சூரியனுக்குப் பானு என்று பெயர் வைத்ததும், விக்கிரகத்துக்குப் பின்னால் இருக்கும் வளையத்தைப் பிரபை என்பதும் அந்த வேரிலிருந்துதான். ஃபேன்டசியும் பிரபையும் தூரத்துச் சொந்தம் என்று அறிந்த நாளில் எனக்கு அந்த இலக்கிய வகை மீது இருந்த மரியாதை ஒரு படி கூடியது.

கிரேக்கத்திலிருந்து லத்தீன், அங்கிருந்து பழைய பிரெஞ்சு, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம். வழியெல்லாம் சொல்லின் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. மனவுரு என்பது மனமயக்கம் ஆனது, பிறகு வீண் ஆசை ஆனது. 1817இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இன்னொரு அடி வைத்தார். படைக்கும் ஆற்றலுக்கு ‘இமாஜினேஷன்’ என்று பெயர் கொடுத்து மேலே தூக்கினார். நினைவில் கிடப்பதை எடுத்து அப்படியும் இப்படியும் அடுக்குவது மட்டும்தான் ‘ஃபேன்சி’ என்று கீழே இறக்கினார்.

இறங்கிப்போன சொல்லை நிமிர்த்தி வைத்தவர் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீன். இளமையில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிப் பணியில் இருந்து, ‘டபிள்யூ’ எழுத்துச் சொற்களுக்கு மூலம் தேடியவர். சொல்லின் அருமை தெரிந்தவர். 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். ஃபேன்டசி என்பது கலைகளிலேயே கடினமானது, உயர்ந்தது என்று அதில் வாதாடினார். அவர் சொன்ன உதாரணம் பச்சைச் சூரியன். ‘பச்சைச் சூரியன்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்தச் சூரியன் உதிப்பதை நாம் நம்பும்படியான ஓர் உலகத்தைக் கட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

நானாக யோசித்துப் பார்த்தேன். சூரியன் பச்சை என்றால் அந்த ஊர் மதிய வெயிலில் சோறு என்ன நிறத்தில் தெரியும்? நம் இலைகள் பச்சையாகத் தெரிவது அவை பச்சை ஒளியை அதிகம் திருப்பியனுப்புவதால். வருவதே பச்சை ஒளி மட்டும் என்றால் அங்கே செடி எதைத் தின்று வளரும்? நம் ஊர்ச் செடி அங்கே இளைத்துத்தான் போகும். அப்படியானால் அந்த நாட்டுக் காடு கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால்தான் பிழைக்கும். மாலை நேரத்துக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருப்பார்கள்? ‘செக்கர் வானம்’ என்ற சொல்லே அந்த மொழியில் இருக்காது. ஒரு நிறத்தை மாற்றியதற்கே இவ்வளவு கணக்கு.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஃபேன்டசி நாவல் படிக்கிறவர்கள் ஒன்றுகூடினால் முக்கால்வாசிப் பேச்சு இந்தக் கணக்கைப் பற்றித்தான். என் அக்கா மகள் கல்லூரி விடுமுறையில் 800 பக்க நாவல் ஒன்றை நான்கே நாளில் முடித்துவிட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது.

“கதை நல்லாத்தான் போச்சு மாமா. கடைசியில ஏமாத்திட்டாங்க.”

“யாரு, வில்லனா?”

“எழுதினவர்தான். எழுநூத்தம்பது பக்கம் வரைக்கும் அவனுக்கு அந்தச் சக்தி கிடையாது. சாகப் போற நேரத்துல திடீர்னு கையிலேருந்து வெளிச்சம் வருது, எல்லாரும் செத்துப் போறாங்க. எங்கிருந்து வந்துச்சு? ஒரு வரி முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. டிராகன் பறந்தது அவளை உறுத்தவில்லை, செத்தவன் பேசியதும் உறுத்தவில்லை. கதை தானே போட்ட விதியைத் தானே மீறியதுதான் உறுத்தியது. கோல்ரிட்ஜ் வாசகர்களைப் பற்றிச் சொன்ன ஒரு தொடர் பிரபலம்: கவிதை படிக்கும்போது நம்பாமையை மனமுவந்து சற்று ஒதுக்கி வைக்கிறோம் என்றார் அவர். டோல்கீன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நம்பாமையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு படிக்க வேண்டியிருந்தால் அங்கே கலை தோற்றுவிட்டது. நல்ல கதையில் வாசகர் உள்ளே போய்விடுகிறார், உள்ளே இருக்கும்வரை அங்குள்ளது எல்லாம் அவருக்கு உண்மை என்றார். 800 பக்கத்தில் 750 பக்கம் உள்ளே இருந்தவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிட்டது. அந்த வருத்தம்தான் அவளுக்கு.

இந்த விஷயத்தில் நம் விக்கிரமாதித்தன் கதை எவ்வளவு கறாராக இருக்கிறது என்று பாருங்கள். வேதாளம் கதை சொல்லி முடித்துக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும். வாயைத் திறந்து சொன்னாலோ மௌனம் கலைந்துவிடும், வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டே விதி. இந்த இரண்டு விதிக்கு நடுவே அரசன் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறான். கடைசியில் அவனுக்கு விடுதலை எப்படி வருகிறது? புதுச் சக்தி எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. உண்மையிலேயே பதில் தெரியாத ஒரு கேள்வி வருகிறது. தெரியாததால் பேசாமல் இருக்கிறான், தலையும் தப்புகிறது. விதிக்குள்ளேயே வழி.

அப்புறம் காடாறு மாதம் நாடாறு மாதம். அரசனுக்குச் சிம்மாசனத்தில் ஆயிரம் வருடம் அமர வரம், தம்பி பட்டிக்கோ ஆயுள் இரண்டாயிரம் வருடம். அண்ணன் இல்லாத மீதி ஆயிரம் வருடம் என்ன செய்வது? பட்டி வரத்தின் வாசகத்தைப் பிடித்துக்கொள்கிறான். சிம்மாசனத்தில் அமரும் காலத்துக்குத்தானே கணக்கு. ஆறு மாதம் நாட்டில் இருங்கள், ஆறு மாதம் காட்டில் இருங்கள், ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும் என்கிறான். சின்ன வயதில் இதைக் கேட்டபோது வந்த சந்தோஷம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மந்திரத்தை மந்திரத்தால் வெல்லாமல் புத்தியால் வென்றான் என்ற சந்தோஷம்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். முதலில் நாக்கில் வருவது ‘கற்பனைக் கதை’. ஆனால் எல்லா நாவலும் கற்பனைதான். மதுரைப் பேருந்து நிலையத்தில் நடக்கும் கதையும் கற்பனை, மந்திரவாதி கதையும் கற்பனை. ஆகவே வகைப்பெயராக அது நிற்காது.

இருந்தாலும் ‘கற்பனை’யை அவ்வளவு சீக்கிரம் விட எனக்கு மனம் வரவில்லை. வடமொழி ‘கல்பனா’விலிருந்து வந்த சொல் அது. அதன் வேருக்கு ஒழுங்குபடுத்தி அமைத்தல் என்று பொருள். வேள்வியின் விதிமுறைகளைச் சொல்லும் நூல்களுக்குக் கல்ப சூத்திரங்கள் என்று பெயர். கேட்டதைத் தரும் கற்பக மரமும் இதே வேர். தமிழில் இந்த விதி என்ற பொருள் அழியாமல் ஓரிடத்தில் நிற்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் யோவான் நற்செய்தியில் ‘என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்’ என்று வரும். அங்கே கற்பனை என்றால் கட்டளை. பத்துக் கட்டளைகளைப் பத்துக் கற்பனைகள் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. மனம் புதிதாக ஒன்றை உண்டாக்குவதும் மீறக் கூடாத விதியும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. என் அக்கா மகளின் புகார் முழுவதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது: அந்த நாவலாசிரியருக்கு முதல் பொருளில் கற்பனை இருந்தது, இரண்டாம் பொருளில் இல்லை.

நம் இலக்கணக்காரர்களும் இந்த வகைக் கதைக்கு இடம் வைத்திருந்தார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பிரிக்கும்போது, அதில் ஒன்று ‘பொருளொடு புணராப் பொய்ம்மொழி’. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் இதற்குக் காட்டும் உதாரணம், யானையும் குருவியும் நட்பாகி இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்பது போன்ற கதை. நடக்க முடியாதது என்று தெரிந்தே, ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு வழிவழியாக வருவது. ‘பொய்ம்மொழி’ என்று பெயர் வைத்தாலும் அதைத் தள்ளவில்லை, வகையாக ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைப் புத்தக அட்டையில் போட்டால் திட்டுவதுபோல் இருக்கும், ஆகவே பயன்படாது.

இன்று புழக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்ப்போம். ‘மாயாஜாலக் கதை’ என்றால் 1951இல் வந்த பாதாள பைரவி வகைப் படங்கள்தான் நினைவுக்கு வரும். புகை, குகை, சாட்டை வீசும் மந்திரவாதி. அந்த ஒரு வகைக்குப் பொருத்தமான பெயர், எனக்குப் பிடித்த பெயரும்கூட. ஆனால் மந்திரமே அதிகம் இல்லாத ஃபேன்டசியும் இருக்கிறது. ‘மாயப்புனைவு’ என்றால் பக்கத்து வீட்டுக்காரரான மாய யதார்த்தத்தோடு குழம்பும். அங்கே நம் உலகத்துக்குள்ளேயே ஓர் அதிசயம் சாதாரணமாக நடந்துபோகும். இங்கே உலகமே வேறு.

‘கனவுருப்புனைவு’ தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் சொல். கிரேக்க மூலத்தில் இருக்கும் ‘உரு’வை அழகாகப் பிடித்திருக்கிறது, உருவாக்கியவர் வேர் தெரிந்து செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது. என் தயக்கம் ‘கனவு’ பற்றியது. விழித்துப் பார்த்தால் எல்லாம் கனவு என்று முடியும் கதைகளை டோல்கீன் இந்த வகையிலிருந்தே வெளியேற்றினார். வாசகருக்குக் காட்டிய உலகத்தைக் கடைசியில் இல்லை என்று சொல்வது ஏமாற்று என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

மிச்சம் ‘மிகைப்புனைவு’, ‘மிகுபுனைவு’ இரண்டும். ஒரே சொல்லின் இரண்டு வடிவம் என்று நினைத்து மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இரண்டுக்கும் தூரம் அதிகம். மிகை என்றால் வேண்டியதற்கு மேல் போவது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் இரண்டாவது மிகைபடக் கூறல். மிகைப்புனைவு என்று சொன்னதும் ‘ரொம்பத்தான் அளக்கிறான்’ என்ற தொனி வந்துவிடும். ‘மிகு’ அப்படி இல்லை. கோயில் வாசல் பலகைகளில் ‘அருள்மிகு’ என்று எழுதியிருப்பதை நாம் யாரும் குறையாகப் படிப்பதில்லை.

புனைதல் என்ற வினையை மட்டும் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். பூவைத் தொடுத்து மாலை புனைகிறோம், முடி புனைகிறோம், வேடம் புனைகிறோம். நெடுநல்வாடையில் ‘புனையா ஓவியம்’ வருகிறது. வண்ணம் தீட்டாமல் கோட்டோடு நிற்கும் படம். கையால் ஒன்றோடொன்று பொருத்தி அழகாக்குவது புனைதல். பொய் சொல்லுதல் என்ற வாடை பின்னால் ஒட்டிக்கொண்டது. சாதாரண நாவலில் மனிதர்களைப் புனைகிறோம், தெருவும் வானமும் ஏற்கனவே இருக்கின்றன. இந்த வகை நாவலில் தெருவையும் வானத்தையும் புனைய வேண்டும், அங்குள்ளவர்கள் பேசும் மொழியைப் புனைய வேண்டும், மழை பெய்யும் காரணத்தைக்கூடப் புனைய வேண்டும். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலில், மந்திரப் பள்ளியில் படிக்கும் பையனுக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது: இந்தத் தீவில் நீ மழையை வரவழைத்தால் வேறொரு தீவில் வறட்சி வரலாம். அவ்வளவு தூரம் புனைந்தால்தான் அந்த மழை நனைக்கும். புனைவின் அளவு கூடுவதால் மிகுபுனைவு. ஆகவே என் வாக்கு இந்தச் சொல்லுக்குத்தான்.

எழுதும்போது ஒரு சின்னக் கவனம் வேண்டும். ‘மிகு’ வினைத்தொகையாக நிற்பதால் நடுவே ப் மிகாது. ‘மிகுப்புனைவு’ என்று எழுதக் கூடாது. கனவுருப்புனைவு, மாயப்புனைவு இரண்டிலும் ப் உண்டு. கூடவே தேவைப்படும் சொற்களையும் இதை ஒட்டியே அமைத்துக்கொள்ளலாம். கதைக்காகக் கட்டிய உலகம் புனைவுலகு, அங்கே மந்திரம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு மாயவிதி. நம் காலத்து நகரத்திலேயே நடப்பது நகர மிகுபுனைவு. ஒருவருடைய மனத்தில் ஓடும் ஆசையை ஆங்கிலத்தில் ஃபேன்டசி என்பார்கள், அதற்கு இந்தச் சொல் வேண்டாம். மனக்கோட்டை, பகற்கனவு என்று அழகான சொற்கள் நம்மிடம் முன்பே இருக்கின்றன.