வெள்ளையாக வருவது நச்சு இல்லைங்க

போன வாரம் ஒரு அம்மா வந்தார். வலது தாடை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. வாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரிய சொத்தை. எத்தனை நாளாக வலி என்று கேட்டேன்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி பயங்கர வலி டாக்டர். தினமும் நல்லெண்ணெய் கொப்பளிச்சேன், தானா சரியாயிடுச்சு. இப்பத்தான் திடீர்னு வீங்குது."

சரியாகவில்லை. பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போயிருக்கிறது, செத்த நரம்பு வலிக்காது. கிருமி மட்டும் வேர் வழியாக எலும்புக்குள் இறங்கிச் சத்தமில்லாமல் சீழ் வைத்திருக்கிறது. வலி வந்த அன்றே வந்திருந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். இதே கதையை இதற்கு முன்னும் பலமுறை கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எண்ணெய் கொப்பளிப்பதற்கு நான் எதிரி இல்லை. ஆயுர்வேதத்தில் இதற்குக் கண்டூஷம், கவளம் என்று இரண்டு முறைகள் உண்டு. வாயை அசைக்க முடியாத அளவுக்கு நிரப்பி வைத்திருப்பது கண்டூஷம், அசைத்துக் கொப்பளிக்கும் அளவுக்கு வைப்பது கவளம். தாடைக்கு வலு, தொண்டை வறளாமை, உதடு வெடிக்காமை என்று சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் இதன் பலன்களைச் சொல்கிறது. ஆனால் அதே பகுதியில் இதற்கு முன்பாக என்ன இருக்கிறது தெரியுமா? ஈறு புண்படாமல் தினமும் இரண்டு வேளை குச்சியால் பல் துலக்கு, அப்புறம் நாக்கை வழி என்று இருக்கிறது. "எங்கள் பாரம்பரியம் டாக்டர்" என்று சொல்பவர்களில் எத்தனை பேர் இரவில் பல் தேய்க்கிறீர்கள்?

இனி, என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயம். "துப்பும்போது பால் மாதிரி வெள்ளையா வருது டாக்டர், உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறுது." ஐயா, அது எண்ணெயும் எச்சிலும். ஒரு சின்னப் பாட்டிலில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி மூடி, நன்றாகக் குலுக்குங்கள். வெள்ளையாகக் கலங்கும். பாட்டிலுக்கு எங்கிருந்து நச்சு வந்தது? எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து நீரில் மிதந்தால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரியும். பால் வெள்ளையாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். இன்னும் நம்பிக்கை வரவில்லையா? கொப்பளித்துத் துப்பிவிட்டு, உடனே இன்னொரு கரண்டி ஊற்றிக் கொப்பளியுங்கள். அதுவும் வெள்ளையாகத்தான் வரும். நச்செல்லாம் முதல் தடவையே போய்விட்டதென்றால் இரண்டாவது தடவை வெள்ளை எங்கிருந்து வருகிறது? ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அந்த வேலையைக் கன்னத்தின் உள்தோல் செய்யாது.

சரி, பலனே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. சில சிறிய ஆய்வுகளில் பல்லில் படியும் மாவு போன்ற படலமும் ஈறு வீக்கமும் ஓரளவு குறைந்திருக்கின்றன. பெரிய, உறுதியான சான்று இன்னும் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதைப் பரிந்துரைப்பதில்லை. பல்லில் படிந்து கெட்டியாகிவிட்ட காரையை எந்த எண்ணெயும் கரைக்காது, அதைக் கருவியால்தான் எடுக்க வேண்டும். குழி விழுந்த பல் தானாக மூடிக்கொள்ளாது. பற்பசையில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளூரைடின் வேலையையும் எண்ணெய் செய்யாது.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஐந்து, பத்து நிமிடம் போதும். இருபது நிமிடம் கொப்பளித்துவிட்டுத் தாடை மூட்டு வலிக்கிறது என்று என்னிடம் வராதீர்கள். அண்ணாந்து தொண்டையில் கொடகொடக்க வேண்டாம். தண்ணீர் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். எண்ணெய் இருமலைக்கூடக் கிளப்பாமல் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். அப்படி நிமோனியா வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அதனால் சின்னக் குழந்தைகளுக்கும், விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் நல்லெண்ணெய் பக்கமே போக வேண்டாம். கொப்பளித்ததை விழுங்காதீர்கள், வாஷ்பேசினிலும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். முடித்ததும் பிரஷ்.

வீக்கம், காய்ச்சல், விழுங்க முடியாமை, தாடைக்கு அடியில் கல் மாதிரி இறுக்கம், இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்துக்குள் பரவினால் மூச்சுக்குழலே அடைபடும். அதேபோல, இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காதீர்கள், காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. புற்றுநோயாக இருந்தால், சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த அம்மாவுக்குச் சீழை வடித்து, பல்லை எடுத்தாயிற்று. கிளம்பும்போது கேட்டார், "நாளைலேர்ந்து எண்ணெய் கொப்பளிக்கலாமா டாக்டர்?" பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து மூடினால்தான் புண் ஆறும், வேகமாகக் கொப்பளித்தால் அது பெயர்ந்துவிடும், நான் சொல்லும் வரைக்கும் எதுவும் வேண்டாம் என்றேன். தலையாட்டினார். பாதிதான் நம்பினார் என்று நினைக்கிறேன்.