ஓபியில் உட்கார வரும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு

டாக்டர் வேலை எப்படி என்று பார்க்க என் ஓபியில், அதாவது வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில், கூட வந்து உட்கார்ந்த ஒரு பையனைப் போன மாதம் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. இந்த வருடத்தில் இவன் மூன்றாவது. அம்பாசமுத்திரம் பக்கத்து ஆச்சி ஒருவரின் சர்க்கரைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் நடக்கும்போது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். கேட்டால், "முகம் தெரியலையே சார்" என்கிறான். புண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சியின் கை, அதில் பச்சை குத்திய பெயர். சாயங்காலத்துக்குள் சம்பந்தி வீடு வரை செய்தி போய்விட்டது. அடுத்த டிரெஸ்ஸிங்குக்கு ஆச்சி வரவில்லை. அப்படியே விடக்கூடிய புண்ணும் இல்லை அது. நர்ஸ் இரண்டு முறை போனில் கெஞ்சித்தான் வரவழைத்தோம்.

மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் கூட இருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் பாதிப் பேரின் அப்பா முதல் நாளே, "ஒரு சர்டிபிகேட் கொடுத்துருங்க சார், சீட்டுக்கு உதவும்" என்கிறார். உதவாது. அரசுக் கல்லூரியோ, தனியாரோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, எம்பிபிஎஸ் சீட்டு நீட் மதிப்பெண்ணில்தான். 720க்கு எவ்வளவு, தரவரிசையில் எங்கே, அவ்வளவுதான் கேள்வி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் நீட் மதிப்பெண்தான். கவுன்சலிங்கில் என் லெட்டர்பேடை யாரும் கேட்கப்போவதில்லை. அமெரிக்காவில் ஒரு டிகிரி முடித்துவிட்டு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். டாக்டருடன் இருந்த மணிக்கணக்கை அங்கே பார்ப்பார்கள். அதைப் பற்றிய ரீல்ஸைப் பார்த்துவிட்டு இங்கே மணிக்கணக்கு எழுதி வந்து கையெழுத்துக் கேட்டால் நான் என்ன செய்ய?

அப்போது எதற்கு வர வேண்டும்? நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் என்ற பயிற்சி டாக்டர் வேலை, அப்புறம் ஆயுசு முழுக்க இந்த நாற்காலி. இது நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கத்தான். முக்கூடலில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் கழுத்து வலி என்று வந்தார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பி, "சுகர் மாத்திரை தீந்து ரெண்டு வாரமாச்சு டாக்டர்" என்றார். அவர் வந்ததே அதைச் சொல்லத்தான். பக்கத்தில் இருந்த மாணவி குனிந்து, நான் எழுதிய வலி மாத்திரையின் பெயரை நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மாத்திரைப் பெயரெல்லாம் பார்மகாலஜி என்ற மருந்தியல் பாடத்தில் வண்டி வண்டியாக வரும். அந்த அக்காவின் முகம் அதில் வராது.

சரி, வருகிறவர்கள் போனை நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டில் வயதும் தொந்தரவும் போதும், பெயரும் ஊரும் கூடாது. வெள்ளைக் கோட்டு வேண்டாம். உங்களை டாக்டர் என்று நம்பிவிடுவார்கள். ஊசி போட மட்டுமல்ல, பிபி பார்க்கவும் கேட்காதீர்கள். "பிளஸ் டூ பிள்ளை, இருக்கலாமா?" என்று நோயாளியிடம் கேட்பேன். அவர் முகம் சுருங்கினாலே எழுந்து வெளியே போய்விடுங்கள். இருமல்காரர்கள் வருவார்கள், மாஸ்க் கட்டாயம். டிபன் சாப்பிட்டு வாருங்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் தரையில் உட்காருங்கள். முதல் தடவை சீழையும் ரத்தத்தையும் பார்த்தால் அப்படி வரும், அதை வைத்து டாக்டராக லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒரு நாளாவது என் அறைக்கு வராமல் டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்காருங்கள், தயவுசெய்து. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தது, இன்றைய கூலி போனது, மகனுக்குத் தெரியாமல் வந்தது எல்லாம் அங்கேதான் காதில் விழும். சந்தேகங்களை ஓபி முடிந்து டீ வரும்போது கேளுங்கள். எவ்வளவு நேரமானாலும் சொல்கிறேன்.