மனநோய் பற்றி நமக்குத் தெரிந்தது சினிமா சொன்னதுதான்

"சினிமாவையெல்லாம் இப்போ யார் பார்க்கிறாங்க, எல்லாரும் செல்போன்லதானே கிடக்கிறாங்க" என்று கொஞ்ச நாளாக அடிக்கடி காதில் விழுகிறது. சின்ன ஊர்களில் தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் மாறியதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போய்வர ஆகும் செலவை நினைத்தே பலர் போவதை விட்டுவிட்டார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் மனநல மருத்துவராக தினமும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும் எனக்கு இதில் வேறு பதில் இருக்கிறது. மனதுக்கு வரும் நோய் எப்படி இருக்கும், அதற்கு என்ன வைத்தியம் செய்வார்கள் என்று நம் சனங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்கள். இதைப் பற்றி அவர்களிடம் விடாமல் பேசியது சினிமா ஒன்றுதான், அது சொன்னதை வைத்துக்கொண்டுதான் என் அறைக்குள் வருகிறார்கள், சிலர் அது சொன்னதை நம்பி வராமலே இருந்துவிடுகிறார்கள்.

2005-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'சந்திரமுகி', 'அந்நியன்', 'கஜினி' மூன்றும் அந்த ஒரே வருஷத்தில் வந்தவை. முதல் இரண்டிலும் ஒரே உடம்புக்குள்ளிருந்து வேறொரு ஆள் வெளியே வருவார், மூன்றாவதில் தலையில் அடிபட்ட கதாநாயகனுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் எதுவும் நினைவில் நிற்காது. அந்தப் படங்கள் வந்தபோது பிறந்தே இருக்காத பையன் இன்று என் முன்னால் உட்கார்ந்து "எனக்கு ஸ்ப்ளிட் பர்சனாலிட்டியா டாக்டர்?" என்று கேட்கிறான். முழுப் படத்தையும் அவன் பார்த்ததில்லை. ரீல்ஸில் வந்த ஒரு நிமிஷக் காட்சியைத்தான் பார்த்திருக்கிறான், அது அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த பையன், நன்றாகப் படித்தவன், மெல்ல மெல்ல யாரோடும் பேசாமல் ஒதுங்கிப்போனான். குளிப்பது குறைந்தது. ராத்திரி முழுக்க விழித்திருந்தான். ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி மறைத்தான், எதிர்வீட்டிலிருந்து தன்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது என்றான், அப்புறம் ஒருநாள் அம்மா போட்ட சோற்றைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள், கயிறு கட்டினார்கள், மந்திரித்தார்கள். மனநல டாக்டரிடம் காட்டலாமா என்ற பேச்சும் நடுவில் வந்திருக்கிறது. அப்போது தாய்மாமன் சொன்னதாக அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "இவன் என்ன படத்துல வர்ற மாதிரி வேற ஆளாவா மாறுறான், இல்ல யாரையாச்சும் அடிக்கிறானா? பேசாமத்தானே இருக்கான். அக்கா, இது மனநோய் இல்ல, ஏதோ காதல் விவகாரம், சரியாப் போயிரும்." அந்த ஒரு பேச்சில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் போய்விட்டது.

இதைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். சினிமா காட்டும் மனநோய்க்குச் சத்தம் உண்டு, கண்கள் உருளும், பின்னணி இசை ஏறும், குரல் மாறும். நிஜத்தில் மனச்சிதைவு நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் தொடங்குகிறது. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடிய நோய் இது. பதின்வயது முடியும்போதோ இருபதுகளிலோதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், அதாவது படிப்பு, வேலை என்று வாழ்க்கை திரும்பும் வயதில். காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், ஆர்வம் வற்றிப்போவது, பேச்சு கோர்வையாக வராதது, இவைதான் அறிகுறிகள். ஒரு ஆள் இன்னொரு ஆளாக மாறுவது இதில் இல்லவே இல்லை. படங்களில் காட்டும் அந்த ஆள்மாறாட்ட நோய் மருத்துவப் புத்தகத்தில் தனியாக இருக்கிறது, ஆனால் அது மிக அரிது, படத்தில் வரும் விதத்தில் வருவதும் இல்லை. அரிதானதை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நூற்றில் ஒருவருக்கு வருவதை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. வைத்தியம் தொடங்குவது எவ்வளவு தள்ளிப்போகிறதோ அந்த அளவுக்கு மீண்டு வருவதும் கஷ்டமாகிறது என்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை வைத்தியமே கிடைக்காமல் இருந்தார்கள். அதற்கு டாக்டர் பற்றாக்குறை, தூரம், காசு என்று பல காரணங்கள் உண்டு, சினிமா மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். ஆனாலும் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்களிடம் பேசிப் பாருங்கள்.

வந்தவர்களும் சினிமா வைத்தியத்தைத்தான் கேட்கிறார்கள். சாமி வருகிறது, பேய் பிடித்திருக்கிறது என்று கூட்டிவரும் இளம்பெண்கள் பலருக்குப் புகுந்த வீட்டிலோ பிறந்த வீட்டிலோ வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு கஷ்டம் இருக்கும். அதைக் கேட்டு, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசி, மெதுவாகச் சரிசெய்ய வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும். கூட வந்தவர்களோ "தூங்க வச்சு ஆழ்மனசுல என்ன இருக்குன்னு கேட்டுச் சொல்லிருங்க டாக்டரம்மா, இன்னைக்கே முடிச்சிட்டுப் போயிரலாம்" என்பார்கள். கிளைமாக்ஸில் ஒரே ராத்திரியில் குணமானதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த மாசம் திரும்ப வரச் சொன்னால், இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் தோன்றும்.

சரி, இப்போது ஷாக் சிகிச்சைக்கு வருகிறேன், மிகுந்த வருத்தத்தோடு எழுதுவது இதைப் பற்றித்தான். கட்டிலில் கை காலைக் கட்டி, விழித்திருக்கும் ஆளின் நெற்றிப்பொட்டில் கம்பியை வைத்து, அவர் அலறி உடம்பு வில்லாக வளைவதைக் காட்டாத மொழிப் படங்கள் இந்தியாவில் இல்லை. வில்லன் பழிவாங்கக் கரண்ட் வைப்பான், காமெடியன் தப்பித்து ஓட அவனுக்கும் கரண்ட் வைப்பார்கள். பிரசவமான மூன்றாவது வாரத்தில் சாப்பாடு தண்ணி இல்லாமல், கண் திறந்தபடி, கல்லாகக் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய் உள்ளே நுழைந்ததும் முதலில் சொன்னது, "கரண்டு மட்டும் வச்சிராதீங்க தாயி, என் பிள்ளை செத்துப்போயிரும்." அந்த நிலைமையில் அந்தப் பெண்ணைச் சீக்கிரம் காப்பாற்றக்கூடிய வைத்தியமே அதுதான்.

என்ன நடக்கும் என்று அந்தத் தாய்க்குச் சொன்னதை அப்படியே இங்கே சொல்கிறேன். முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு, ஆபரேஷனுக்கு முன்னால் இருப்பதுபோலத்தான். காலையில் மயக்க மருந்து டாக்டர் வந்து நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, கையில் ஊசி போட்டு முழுசாகத் தூங்கவைத்துவிடுவார். தசைகளைத் தளர்த்தும் மருந்து அதன் பிறகு போகும். அந்த மருந்து போவதற்கு முன்னால் ஒரு காலில் மட்டும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிக் கட்டுவோம், மருந்து அந்தப் பாதத்துக்குப் போய்விடாமல் இருக்க. மூளையில் ஒரு சின்ன வலிப்பை வரவைப்பதுதான் இந்த வைத்தியம், உடம்பு முழுக்க அசைவே இருக்காது என்பதால் அந்த வலிப்பு வந்ததா என்று கண்ணால் பார்க்க அந்தப் பாதத்து விரல்கள்தான் இருக்கின்றன. வாயில் பல் படாமல் ஒரு ரப்பர் கட்டை, முகத்தில் ஆக்சிஜன். மின்சாரம் போவது சில விநாடிகள். அந்தக் கால் விரல்கள் அரை நிமிஷம் போலத் துடித்து அடங்கும். அவ்வளவுதான். அலறல் கிடையாது, வலி கிடையாது. கொஞ்ச நேரத்தில் கண் விழிப்பார், தலை கொஞ்சம் வலிக்கலாம், சில நாட்களின் ஞாபகம் மங்கலாக இருக்கலாம், அது பெரும்பாலானவர்களுக்கு மெல்லத் திரும்பிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வரை கொடுப்போம்.

1938-இல் ரோமில் முதன்முதலாகச் செய்யப்பட்ட காலத்தில் மயக்க மருந்து இல்லாமல்தான் செய்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. இன்று நம் நாட்டின் 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இதைச் செய்வதைத் தடை செய்திருக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் செய்யவும் பெரிய கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சட்டம் மாறிவிட்டது, வைத்தியம் எப்போதோ மாறிவிட்டது, படத்தில் மட்டும் அதே கம்பி, அதே அலறல். அந்தப் பெண் நாலாவது முறைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து பிள்ளையைக் கேட்டாள்.

அப்புறம் காமெடி. கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, எத்தனையோ ஆயிரம் பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய இடம். அங்கே போகச் சீட்டு எழுதினால் குடும்பத்தின் முகம் மாறுவதற்கு அந்த நகைச்சுவைக் காட்சிகளும் ஒரு காரணம், காமெடிக்கென்றே இருக்கும் சேனல்களில் அவை இன்றும் தினமும் ஓடுகின்றன. ஆஸ்பத்திரிக்குப் பயந்து வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்கா பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் பார்த்தோம். சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள், 28 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான், அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை.

மனநோயாளி என்றால் கொலைகாரன் என்று காட்டுவதும் இப்படித்தான். இந்த நோயோடு இருப்பவர்கள் அடிப்பதைவிட அடிவாங்குவதுதான் அதிகம், ஏமாற்றப்படுவதும் அதிகம். ஒரு சைக்கோ படம் ஓடினால் அடுத்த மாசமே, நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் மாத்திரைச் சீட்டை வீட்டு ஓனர் பார்த்துவிட்டார், வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார் என்று வந்து நிற்கிறார்.

சினிமா நல்லதும் செய்திருக்கிறது, செய்யும்போது எங்களால் பத்து வருஷத்தில் முடியாததை ஒரு வாரத்தில் செய்துவிடும். 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படம்தான், இருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை சோம்பேறி இல்லை, அது ஒரு கற்றல் குறைபாடு என்பது அதற்குப் பிறகு இங்கேயும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லாமலே புரிந்தது. திரைக்கு இந்தப் பலம் இருப்பது அரசாங்கத்துக்கும் தெரியும். தெரிந்ததால்தான் 2012 அக்டோபரிலிருந்து யாராவது புகை பிடிக்கும் காட்சி வந்தால் கீழே எச்சரிக்கை ஓடுகிறது, 2023-இல் அதை ஓடிடிக்கும் கொண்டுபோனார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மாற்றுத்திறனாளிகளைத் திரையில் இழிவாகக் காட்டுவது பற்றி விரிவான வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

தற்கொலைக் காட்சிகளில் இன்னும் கவனம் வேண்டும். எப்படிச் செய்தார் என்று விலாவாரியாகக் காட்டுவது, அதை எல்லாருக்கும் பாடம் புகட்டிய தியாகமாகக் காட்டுவது, இரண்டும் ஏற்கெனவே தத்தளிக்கும் பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளக்கூடியவை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திரைத்துறையினருக்கென்றே இதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. நெட்ஃபிளிக்ஸும் அதே வருஷம் தன்னுடைய ஒரு தொடரில் இருந்த அப்படிப்பட்ட காட்சியை வெட்டி எடுத்தது. கூடவே இன்னொன்று: படங்களில் தற்கொலைக்கு முயன்றவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ் வந்து நிற்கும், அதைப் பார்த்துப் பயந்து "வயித்துவலி மாத்திரையைத் தெரியாம அதிகமாப் போட்டுட்டா" என்று குடும்பங்கள் மறைக்கின்றன, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மனநல உதவி கிடைக்காமலே போகிறது. 2017 சட்டம் அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

கதை எழுதுகிறவர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சண்டைக் காட்சிக்கு ஸ்டண்ட் மாஸ்டரைக் கூப்பிடுகிறீர்கள் அல்லவா, மனநோய்க் காட்சி எழுதும்போது ஒரு மனநல மருத்துவரையும், நோயிலிருந்து மீண்ட ஒருவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். என் சக மருத்துவர்கள் யாரும் இதற்கு மறுக்க மாட்டார்கள்.

படிக்கும் உங்களுக்குச் சில விஷயங்கள். வீட்டில் ஒருவருடைய தூக்கம், சாப்பாடு, குளியல், பேச்சு, வேலை இவற்றில் இரண்டு மூன்று விஷயம் மாறி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டிவிடுங்கள், அவர் கத்த வேண்டும், மாற வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். வயசான அப்பா காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு நாற்பது வருஷத்துக்கு முந்தின கதையைத் தெளிவாகச் சொன்னால் "கஜினி ஆயிட்டார்" என்று சிரித்துவிட்டு விடாதீர்கள், மறதி நோயா என்று பார்க்க வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, மணியைப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரையும் இலவசம். முதல்முறை வரும்போது அவரோடு தினமும் இருக்கும் ஒருவர் கூட வாருங்கள், எந்த மாசத்திலிருந்து என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்து வாருங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், அதுவரை தூக்கம் கொஞ்சம் கூடினாலும் வாய் வறண்டாலும் நீங்களாக நிறுத்திவிடாமல் எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.