ரோலிங் பேக் டேக்: உருண்டு புறங்கொள்ளல்

தரையில் கட்டிப்பிடித்து எதிராளியை அடக்கும் மற்போர்க் கலையாகிய பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை ‘கி’ எனப்படும் தடித்த மேலாடை இல்லாமல் பயிலும் முறைக்கு ‘நோ-கி’ என்று பெயர். அதில் அடிக்கடி காதில் விழும் உத்திப் பெயர்களுள் ஒன்று ‘ரோலிங் பேக் டேக்’. மூன்று சொற்களும் எளியவையே. ஆனால் மூன்றையும் சேர்த்துச் சொல்லும்போது பொருள் நழுவிவிடுகிறது. ‘ரோல் பேக்’ என்றால் பின்வாங்குதல், பழைய நிலைக்குத் திரும்புதல் என்று பழகிப்போன காது, இந்தப் பெயரையும் ‘ரோலிங் பேக்’ என்று முதலில் வெட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் ‘டேக்’கை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறது. பெயரை மட்டும் கேட்டுவிட்டு, பின்பக்கமாகச் சாய்ந்து உருளப் பார்க்கும் புதியவரை இதற்காகக் குறைசொல்ல முடியாது. தமிழ் எழுத்தில் எழுதினால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது: தோளில் மாட்டும் பையும் ‘பேக்’தான்.

சரியாகப் பிரித்தால் ‘பேக் டேக்’ என்பதே கரு. ‘பேக்’ இங்கே திசையைக் குறிக்கவில்லை; எதிராளியின் முதுகைக் குறிக்கிறது. அது ‘டேக்’ என்னும் வினைக்குச் செயப்படுபொருள். ‘ரோலிங்’ என்பது அந்த வினை எவ்வாறு நிகழ்கிறது என்று காட்டும் அடைமொழி. ஆகவே, உருண்டு சென்று எதிராளியின் முதுகைத் தன்வசமாக்குதல் என்பதே முழுப்பொருள். அந்த உருளலும் பின்னோக்கியது அன்று. முன்னோக்கி, மூலைவாட்டில், தோளின்மேல் நிகழ்வது.

எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், உடல்கள் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும். எதிராளி முழங்கால்களையும் முழங்கைகளையும் தரையில் ஊன்றி, தலையை உள்ளிழுத்து ஒடுங்கியிருக்கிறார். இதை ஆங்கிலத்தில் ‘டர்ட்டில்’ என்றும் ஜப்பானிய ஜூடோவில் ‘காமே’ என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆமை என்றே பொருள் என்பதால் தமிழில் ‘ஆமைநிலை’ என்று தயங்காமல் எழுதலாம். தாக்குபவர் பக்கவாட்டிலிருந்து தன் மார்பை அந்த முதுகின்மேல் அழுத்துகிறார். அவருடைய ஒரு கை எதிராளியின் தோளுக்கு மேலாகவும், மறு கை அக்குளுக்குக் கீழாகவும் சென்று மார்பின்முன் கோத்துக்கொள்கின்றன. வாகன இருக்கையில் மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளும் பட்டையை ஒத்திருப்பதால் இது ‘சீட் பெல்ட்’ பிடி. அடுத்து, அருகிலிருக்கும் தொடையின் உட்புறத்தில் ஒரு பாதத்தைக் கொக்கிபோல் நுழைக்கிறார். இந்த நிலையில் நேராக இழுத்தால் ஆமைநிலையில் இருப்பவர் அசையமாட்டார். அவருக்குத் தரையில் நான்கு ஊன்றுகள் இருக்கின்றன. எனவே தாக்குபவர் எதிராளியின் எட்டத்துத் தோளைத் தாண்டித் தன் தோளின்மேல் உருள்கிறார். கோத்த கைகள் மேலுடலை இழுக்க, கொக்கியிட்ட கால் இடுப்பைத் தூக்க, ஊன்றியிருந்தவர் தன் எடையாலேயே புரண்டு வருகிறார். உருளல் ஓயும்போது தாக்குபவர் தரையில் கிடக்கிறார்; அவருடைய மார்பின்மேல் எதிராளி மல்லாந்து கிடக்கிறார். இரண்டாவது பாதமும் கொக்கியாக உள்ளே நுழைந்தால் செயல் முற்றுப்பெறுகிறது.

இனிச் சொற்கள். ‘ரோல்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம், ‘ரோட்டுலா’ என்றால் சிறு சக்கரம். தமிழில் ‘உருள்’ என்பதும் வினையாக நின்று உருளுதலையும், பெயராக நின்று சக்கரத்தையும் குறிக்கும்; ‘உருளை’ அதன் உடன்பிறப்பு. உறவற்ற இரு மொழிகள் ஒரே உருவகத்தில் வந்து நிற்பது சொல்லாய்வில் அரிதன்று என்றாலும், இங்கே அது மொழிபெயர்ப்பாளரின் வேலையைப் பாதியாக்கிவிடுகிறது.

ஆனால் ஜியு-ஜிட்சுக் கூடங்களில் ‘ரோலிங்’ என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. இருவர் தரையில் கட்டிக்கொண்டு முழு எதிர்ப்புடன் பயிற்சிப்போர் செய்வதையே ‘ரோல்’ என்கிறார்கள். ‘இன்று ஐந்து ரோல்’ என்றால் ஐந்து சுற்றுப் பயிற்சிப்போர் என்று பொருள், ஐந்து முறை உருண்டதாகப் பொருளில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டையும் சமாளிக்கிறது. தமிழ் அப்படிச் சமாளிக்கத் தேவையில்லை என்பதே இந்த விளக்கத்தில் நான் வலியுறுத்த விரும்புவது. உருளுதல் வேறு, புரளுதல் வேறு. உருளுதல் என்பது சக்கரம்போல் ஒரே போக்கில் சுழன்று இடம்பெயர்தல். புரளுதல் என்பது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுதல், மேல் கீழாகத் திரும்புதல். படுக்கையில் தூக்கம் வராமல் புரள்கிறோம்; பந்து உருள்கிறது. இருவர் தரையில் பின்னிக்கொண்டு மல்லுக்கு நிற்பதற்குத் தமிழில் ‘கட்டிப்புரளுதல்’ என்ற சொல் முன்பே இருக்கிறது. பயிற்சிப்போராகிய ‘ரோலிங்’குக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். உத்தியின் பெயரில் வரும் ‘ரோலிங்’குக்கு மட்டும் ‘உருளல்’ என்று வைத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பம் தமிழில் நுழையவே நுழையாது.

‘குட்டிக்கரணம்’ என்று சிலருக்குத் தோன்றலாம். அதை நான் ஏற்கமாட்டேன். காரணம் சொல்லழகு பற்றியதன்று, கழுத்துப் பற்றியது. குட்டிக்கரணம் தலைவழியாகப் போவது. தலையும் பிடரியும் தரையில் படுவது. இந்த உத்தியில் தலை ஒருபக்கம் ஒதுங்கி, எடை முழுவதும் தோளின் பின்பகுதியில் இறங்க வேண்டும். மற்றொரு மனிதரின் எடையும் கூடவே வருவதால், தலையை ஊன்றி உருண்டால் இருவரின் பாரமும் கழுத்தெலும்புகளின்மேல் விழும். அதனால்தான் துணையின்றி வெறுந்தரையில் தோளுருளலை மட்டும் இரு பக்கமும் பழகிவிட்டு, பிறகு அசையாமல் இருக்கும் துணைவர்மீது மெதுவாகச் செய்து பார்க்க வேண்டும் என்பார்கள். கரணம் தப்பினால் மரணம் என்ற பழமொழிக்குக் கழைக்கூத்தாடி மட்டும் உரியவர் அல்லர்.

அடுத்து ‘பேக்’. ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் உடலின் முதுகையே குறித்தது. ‘முதுகுப்பக்கமாக’ என்று பொருள்பட்ட ஒரு தொடர் தேய்ந்துதான் ‘பின்னால்’ என்னும் திசைப்பொருள் வந்தது. நம்மிடம் இந்தப் பொருள்களுக்கு ‘முதுகு’, ‘பின்’, ‘புறம்’ என மூன்று சொற்கள் இருக்கின்றன. ‘பின்’ திசையைச் சுட்டுவதால் இங்கே உதவாது. ‘முதுகு’ உறுப்பைத் தெளிவாகச் சுட்டும். ‘புறம்’ முதுகையும் குறிக்கும், வெளிப்பக்கத்தையும் குறிக்கும். அந்த அளவில் அதுவும் இரட்டைப் பொருள் கொண்டதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் போர் பற்றிய தமிழ்ச் சொற்களில் ‘புறம்’ பிடித்திருக்கும் இடம் பெரிது. அதைக் கீழே பார்க்கலாம்.

உண்மையில் சிக்கல் ‘டேக்’கில்தான் இருக்கிறது. போர்த்துக்கீசிய மொழியில் இதை ‘பெகார் அஸ் கோஸ்தாஸ்’ என்பார்கள். ‘பெகார்’ என்றால் பிடித்தல், பற்றுதல், ‘கோஸ்தாஸ்’ என்றால் முதுகு. ஆங்கிலத் தொடரும் அதே அமைப்பில் நிற்கிறது. கலந்து பேசும்போது ‘பேக் எடு’ என்பது எளிதாக வாயில் வந்துவிடும். அதை அப்படியே ‘முதுகு எடுத்தல்’ என்று ஆக்கினால், பிடுங்கி எடுப்பதுபோல் ஒலிக்கிறது. ‘பிடி’ நல்ல சொல்தான். இடம் பிடிக்கிறோம், கோட்டையைப் பிடிக்கிறோம். ஆனால் ‘முதுகுப்பிடி’ என்று எழுதிய உடனே வாசகர் மனத்தில் தைலமும் ஒத்தடமும் தோன்றும். முதுகு பிடித்துக்கொண்டது என்றால் தமிழில் அது நோய். ‘முதுகு பிடித்துவிடு’ என்றாலோ பணிவிடை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு மற்போர் உத்தியை நிறுத்த இடமில்லை.

‘முதுகேறல்’ என்பது ஒலியால் நன்று, எளிதில் புரியும், நின்றுகொண்டிருப்பவரின் முதுகில் தாவி ஏறும் உத்திகளுக்குப் பொருந்தவும் கூடும். உருளும் உத்திக்கு அது ஒத்துவராது. மேலே சொன்னதை நினைவுகூர்ந்தால் காரணம் விளங்கும்: செயல் முடியும்போது ‘ஏறியவர்’ அடியில் கிடக்கிறார்.

எஞ்சுவது ‘கொள்’. தனக்கென ஆக்கிக்கொள்ளுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ‘டேக்’ என்ற ஆங்கிலச் சொல் இங்கே தருவதும் அதையே. தூக்கிச்செல்லும் எடுத்தல் அன்று, ஆளுகைக்குள் கொண்டுவருதல். இதோடு ‘புறம்’ சேர்ந்தால் ‘புறங்கொள்ளல்’ கிடைக்கிறது. இதை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதன் மறுபாதி தமிழில் ஏற்கெனவே இருப்பது. போரில் தோற்று ஓடுவதைப் ‘புறங்கொடுத்தல்’ என்றும், பகைவரைத் தோற்கடிப்பதைப் ‘புறங்காணுதல்’ என்றும் தமிழ் சொல்லிவந்திருக்கிறது. பகைவனுக்கு முதுகைக் கொடுப்பவன் தோற்றவன் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஜியு-ஜிட்சுக்காரர்களும் ஆங்கிலத்தில் ஒருவர் ‘முதுகைக் கொடுத்துவிட்டார்’ என்றே சொல்கிறார்கள்: கீழே அழுந்தியிருப்பவர் தப்பிக்க எண்ணிக் குப்புறத் திரும்பும்போது முதுகைத் திறந்துகாட்டிவிடுகிறார். ஒருவர் புறங்கொடுக்க, மற்றவர் புறங்கொள்கிறார். இணைச்சொல் புதிது, வேர் புதிதன்று.

முழுப்பெயரை ‘உருண்டு புறங்கொள்ளல்’ என்று எழுதலாம். சுருக்க விரும்பினால் ‘உருள்புறங்கோள்’ என்று வினைத்தொகையாக்கலாம். திருக்குறளின் ‘உருள்பெருந்தேர்’ அதற்கு முன்மாதிரி. மேற்கோள், குறிக்கோள் என்பவற்றில் வரும் ‘கோள்’தான் இதிலும் வருகிறது. ஆயினும் கூடத்தில் மூச்சிரைக்க நிற்பவரிடம் ‘உருள்புறங்கோள் செய்’ என்பது சற்று அதிகம். அட்டவணையிலும் கலைச்சொல் தொகுப்பிலும் அதை வைத்துக்கொண்டு, பேச்சில் ‘உருண்டு புறங்கொள்’ என்பதே போதும்.

‘கி’ இல்லாத முறையில் இந்த உத்திக்குத் தனி மதிப்பு உண்டு. மேலாடை இருந்தால் கழுத்துப்பட்டியையும் இடுப்புக்கச்சையையும் பற்றி இழுக்கலாம். அவை இல்லாதபோது, வியர்வையில் வழுக்கும் உடலில் பற்றுவதற்கு மணிக்கட்டு, அக்குள், கழுத்து, இடுப்பு ஆகியவையே மிஞ்சுகின்றன. ஆகவே கைப்பிடியின் வலிமையைவிட மார்பும் முதுகும் ஒட்டியிருக்கும் நெருக்கமும் கொக்கியும்தான் எதிராளியைச் சுமந்து செல்கின்றன. உருளும்போது இடையில் சிறு வெளி விழுந்தாலும் தாக்குபவர் தனியே உருண்டுபோய், எதிராளிக்குக் கீழே மாட்டிக்கொள்வார். புறங்கொண்டபின் வரும் கழுத்து நெரிப்புக்கும் துணி தேவையில்லை. ஜூடோவில் அதன் பெயர் ‘ஹதகா-ஜிமே’, அதாவது ஆடையைப் பயன்படுத்தாத ‘வெற்று நெரிப்பு’. பிரேசிலில் ‘மாத்தா லெயாவ்’, சிங்கங்கொல்லி.

புள்ளிக் கணக்கிலும் இதன் மதிப்பு தெரியும். பன்னாட்டு பிரேசிலிய ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பின் விதிகளில் முதுகுக் கட்டுப்பாட்டுக்கு 4 புள்ளிகள். இரு பாதங்களும் எதிராளியின் தொடைகளுக்கு உட்புறம் கொக்கியிட்டு 3 நொடிகள் நிலைத்திருக்க வேண்டும். 1998-இல் அபுதாபியில் தொடங்கிய ‘ஏடிசிசி’ என்னும் பன்னாட்டு மற்போர்ப் போட்டியில் இதற்கு 3 புள்ளிகள். கொக்கியிட்ட பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிவைப்பது புதியவர்களின் வழக்கமான பிழை. எதிராளி அவற்றையே நெம்பிக் கணுக்காலைப் பூட்டிவிடுவார்.

இதற்கு நெருங்கிய உறவுகளை இதே பெயரால் அழைத்துவிடக் கூடாது. அமெரிக்க ஜியு-ஜிட்சுப் பயிற்றுநர் எட்டி பிராவோ 2003-இல் நிறுவிய ‘டென்த் பிளானட்’ முறையில், எதிராளியின் ஒரு காலைத் தன் கால்களால் பூட்டிக்கொண்டு உருண்டு சேரும் நிலையை ‘டிரக்’ என்கிறார்கள். அங்கிருந்து முதுகுக்கும் போகலாம்; முதுகெலும்பை முறுக்கும் ‘டுவிஸ்டர்’ என்ற பூட்டுக்கும் போகலாம். அப்பூட்டால் ‘யுஎஃப்சி’ என்னும் கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டியில் முதன்முதலாக வென்றவர் கொரியாவின் சான் சுங் ஜங்; அது 2011 மார்ச் 26 அன்று நிகழ்ந்தது. டிரக்குக்குச் செல்வது உருளல்தான், ஆனால் அது புறங்கொள்ளல் அன்று, கால்பூட்டு நிலை. ‘பெரிம்போலோ’வோ கீழே கிடப்பவர் தலைகீழாகச் சுழன்று எதிராளியின் முதுகைச் சென்றடைவது. பிரேசில் வீரர்களான மென்டெஸ் சகோதரர்களும் மியாவ் சகோதரர்களும் அதைப் பரவலாக்கினார்கள். அதற்குச் ‘சுழன்று புறங்கொள்ளல்’ என்று பெயரிட்டால் வேறுபாடு விளங்கும்: இங்கே தொடக்கம் மேலிருந்து, அங்கே கீழிருந்து.

பயன்பாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘புறங்கொண்டார்’ என்று எழுதும்போது இரண்டு கொக்கிகளும் உள்ளே சென்று நிலைத்துவிட்டதாகவே வாசகர் எடுத்துக்கொள்வார். ஒரு கொக்கி மட்டும் நுழைந்து, மற்றதை எதிராளி தொடையை ஒடுக்கித் தடுத்துக்கொண்டிருந்தால் நடுவர் புள்ளி தரமாட்டார். அந்த இடத்தில் ‘உருண்டு முதுகுப்பக்கம் வந்தார்’ என்று மட்டும் எழுதுவதே சரி.