ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டருக்கு எத்தனை ஆம்பியர் போதும்?

சிறிய டர்போபிராப் விமானங்களில் என்ஜினைச் சுழற்றித் தொடங்கி வைப்பதும், தொடங்கிய பின் மின்சாரம் தருவதும் ஒரே இயந்திரம்தான். அந்த ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரைப் பற்றி, விமானங்கள் நிற்கும் ஏப்ரனில் ஜிபியுவை (தரையிலிருந்து விமானத்துக்கு மின்சாரம் தரும் கருவி) இணைப்பவர்களிடமும் பயிற்சிக்கு வரும் இளம் டெக்னீஷியன்களிடமும் நான் அடிக்கடி காணும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. ஜிபியு எவ்வளவு பெரியதோ, என்ஜினுக்கு அவ்வளவு நல்லது என்பதே அது. பராமரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்த எண்ணத்தால் உடைந்த ஷாஃப்ட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

சுழலும்போது மோட்டாரே உருவாக்கி மின்னோட்டத்தை எதிர்க்கும் எதிர் மின்னியக்கு விசை, நின்றுகொண்டிருக்கும் ஒரு டிசி மோட்டாரில் சிறிதும் இல்லை. ஆகவே முதல் நொடியில் பாயும் மின்னோட்டத்தைத் தடுப்பது சுருள்களிலும் கேபிள்களிலும் உள்ள மிகச் சிறிய மின்தடை மட்டுமே. எடுத்துக்காட்டாக, மோட்டாரும் கேபிளும் சேர்ந்து 0.014 ஓம் என்றும், பேட்டரியின் உள்தடை 0.010 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். 24 வோல்ட் பேட்டரியிலிருந்து தொடங்கினால் 1,000 ஆம்பியர் பாயும். அதே மோட்டாருக்கு, சுமை ஏறினாலும் வோல்டேஜ் இறங்காத 28 வோல்ட் ஜிபியுவைக் கட்டுப்பாடின்றி இணைத்தால் அது 2,000 ஆம்பியராகிவிடும். மின்னோட்டம் இரட்டித்தால் முறுக்குவிசையும் ஏறக்குறைய இரட்டிக்கும். காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்ட் சுருளும் தொடரிணைப்பில் உள்ள வகைகளில் அதைவிடவும் கூடும். பேட்டரியின் வோல்டேஜ் சுமையில் தானாகவே சரிவதைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சரிவுதான் முதல் அதிர்ச்சியைத் தணிக்கிறது.

இந்த முறுக்குவிசை முழுவதும் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள பற்களான ஸ்ப்லைன் வழியாகவே என்ஜினின் கியர்பாக்ஸுக்குச் செல்கிறது. கியர்பாக்ஸைக் காப்பதற்காக ஷாஃப்ட்டின் ஓரிடத்தில் கழுத்துபோல் மெலிந்த பகுதியை வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். வரம்பு மீறினால் உடைய வேண்டியது அதுதான். உடைந்ததும் மோட்டார் சுமையின்றி உச்சக் குரலில் இரையும், ஆம்மீட்டர் முள் சட்டென இறங்கும், காஸ் ஜெனரேட்டரின் (என்ஜினின் காற்றழுத்தியும் அதைச் சுழற்றும் டர்பைனும் சேர்ந்த பகுதி) வேகமோ அசையாது. அந்த நிலையில் ஸ்டார்ட் சுவிட்சை உடனே விட்டுவிட வேண்டும். சுமையற்ற மோட்டார் வேகம் மீறிச் சுழன்று தன்னையே சிதைத்துக்கொள்ளக்கூடும்.

தயாரிப்பாளர்கள் இதனால்தான் இரு பக்கமும் வரம்பு வைக்கிறார்கள். செஸ்னா கேரவன் என்ற சிறிய டர்போபிராப் விமானத்துக்கான ஜிபியு குறைந்தது 800 ஆம்பியர் தரக்கூடியதாகவும், 1,700 ஆம்பியரைத் தாண்டாததாகவும் இருக்க வேண்டும். கீழ் வரம்பும் மேல் வரம்பைப் போலவே முக்கியமானது. காஸ் ஜெனரேட்டர் குறைந்தது 12 சதவீத வேகத்தை எட்டிய பிறகே எரிபொருள் திறக்க வேண்டும். சுழற்சி மந்தமாக இருந்தால் காற்றோட்டம் போதாமல் டர்பைன் வெப்பம் எகிறி, ஹாட் ஸ்டார்ட்டில் முடியும். தொடக்கத்தின்போது அந்த என்ஜினில் 1,090 டிகிரி செல்சியஸுக்கு அனுமதி 2 நொடி மட்டுமே.

ஆகவே தேவைப்படுவது, முதல் நொடியில் அடங்கியும் அதன் பிறகு தளராமலும் இருக்கும் முறுக்குவிசை. முதல் பாதியை ஜிபியுவின் மின்னோட்ட வரம்பு பார்த்துக்கொள்கிறது. சுழற்சி ஏற ஏற எதிர் மின்னியக்கு விசை வளர்ந்து மின்னோட்டத்தைக் குறைக்கும். அப்போது ஃபீல்ட் மின்னோட்டத்தைப் படிப்படியாகத் தளர்த்தினால், எதிர்விசை குறைந்து, மோட்டாரின் சுழலும் சுருளான ஆர்மெச்சரின் மின்னோட்டம் நிலைபெறும். என்ஜின் தன் காலில் நிற்கும்வரை உந்துதல் கிடைக்கும். இந்த நுட்பம் கொண்ட விமானங்களில், அந்த வேலையை ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்டே செய்துவிடுகிறது. ஃபீல்டைக் குறைத்தால் உந்துதல் நீடிக்கும் என்பது முதலில் கேட்பவர்களுக்கு முரணாகத் தோன்றும். வரைபடம் போட்டுக் காட்டினால் உடனே விளங்கிவிடும்.

வெப்பக் கணக்கும் உண்டு. கேரவனில் பேட்டரி வழியாக 30 நொடி சுழற்றி 60 நொடி ஓய்வு தரலாம். வெளி மின்சாரத்தில் அனுமதி 20 நொடியாகக் குறைந்து, ஓய்வு 120 நொடியாக நீள்கிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் கூடுவதே காரணம். சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் பிரஷ்களும் கம்யூட்டேட்டரும் இந்த வெப்பத்தைத்தான் முதலில் தாங்குகின்றன. பயணிகள் காத்திருக்கிறார்கள் என்பதற்காக அந்த ஓய்வைச் சுருக்குவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

ஷாஃப்ட் உடைந்து வந்தால், புதியதைப் பொருத்துவதற்கு முன் பழையதைக் கூர்ந்து பாருங்கள். ஸ்ப்லைன் பற்கள் தேய்ந்து, செம்பழுப்பு நிறத்தில் பொடி படிந்திருந்தால் மசகுக் குறைபாட்டையும் நீண்டகாலத் தேய்மானத்தையும் சந்தேகிக்கலாம். பற்கள் பழுதில்லாமல் இருக்க, கழுத்து மட்டும் முறுக்கி வெட்டியதுபோல் புது உலோகம் தெரிய உடைந்திருந்தால், அது ஒரே அடியில் வந்த மிகைச்சுமை. அப்படியானால் கடைசியாக இணைத்திருந்த ஜிபியு எது என்று விசாரித்து, அதன் வோல்டேஜையும் மின்னோட்ட வரம்பையும் செயற்கைச் சுமை தந்து சோதிக்கும் லோடு பேங்கில் அளந்து பார்க்கும்வரை, அதை வேறெந்த விமானத்துக்கும் இணைக்க விடாதீர்கள்.