கம்பித் தூணின் பலம் அடியில் இருக்கிறது

பாய்மரப் படகின் ஓரத்தைச் சுற்றி, ஆள் கடலில் விழாதபடி இரண்டு வரி உருக்குக் கம்பி ஓடும். அதைத் தாங்குபவை விளிம்பில் நிற்கும் மெல்லிய தூண்கள். பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்காத உருக்குக் குழாய், 60 சென்ரிமீட்டர் உயரம். பளபளவென்று நிற்பதைப் பார்த்தால் எதையும் தாங்கும் என்றே தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகு சரியும்போது 70 கிலோ எடையுள்ள ஒருவர் தன் முழுப் பாரத்தோடு தூணின் தலையில் சாய்கிறார். விசை ஏறத்தாழ 700 நியூட்டன். 0.6 மீட்டரால் பெருக்கினால் அடியில் திருப்பம், அதாவது தூணை வளைக்கப் பார்க்கும் வலு, 420 நியூட்டன் மீட்டர். குழாயின் சுவர் 1.5 மில்லிமீட்டர் தடிப்பென்றால் அங்கே தகைப்பு, அதாவது உலோகத்தின் குறித்த பரப்பில் விழும் விசை, 680 மெகாபாஸ்கலைத் தொடும். சாதாரண 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கோ 200 சொச்சத்திலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். தனித் தூண் மடங்கத்தான் செய்யும். கம்பி இறுக்கமாக இருந்தால் பாரத்தில் ஒரு பங்கு அடுத்த தூண்களுக்கும், முன்னும் பின்னும் உள்ள சட்டங்களுக்கும் போகும்.

தூண் மடங்கினால்கூடப் பரவாயில்லை, மடங்கிய தூணைப் பிடித்துத் தொங்கலாம். எனக்குப் பயம், தூணைத் தளத்தோடு போல்டால் பிணைக்கும் அடித்தட்டில்தான். வேலிக் கதியாலின் தலையில் தோளைக் கொடுத்தால் கதியால் முறியாது, அடிமண்தான் இளகும். இங்கே மண்ணின் இடத்தில் மேல்தளம். அடித்தட்டின் போல்டுகளுக்கு இடையே 6 சென்ரிமீட்டர் என்றால் அதே 420 நியூட்டன் மீட்டர், உட்பக்கத்துப் போல்டுகளை 7000 நியூட்டனால் மேலே இழுக்கும். கிட்டத்தட்ட 700 கிலோ பாரம்! பல பைபர் படகுகளின் தளத்துக்குள் பல்சா மரமோ ஒட்டுப்பலகையோ இருக்கும். போல்ட் துளையால் தண்ணீர் இறங்கி அது உக்கிவிட்டால், சின்ன வாஷர் தளத்தைப் பிய்த்துக்கொண்டே மேலே வரும். அகலமான உலோகத் தகட்டைக் கீழே வைத்து இறுக்குவது இதற்காகத்தான்.

அப்புறம் கறள். துருப்பிடிக்காத உருக்கைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம். கீறுபட்டால் அது தானாகவே வளரும், ஆனால் ஒட்சிசன் வேண்டும். தூண் செருகியிருக்கும் குழிக்குள் உப்புத்தண்ணீர் தேங்கி நின்றால் ஒட்சிசன் தீர்ந்துவிடும், உப்பிலுள்ள குளோரைட்டு படலத்தை உடைத்து உலோகத்தை அரிக்கும். வெளியே மினுக்கம் அப்படியே இருக்கும். உள்ளே சுவர் மெலிந்துகொண்டே போகும். இப்படிப்பட்ட தூண் மடங்காது, சட்டென்று முறியும். குழியின் அடியில் தண்ணீர் வடிவதற்கு விட்ட துளை அடைபட்டிருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

சோளகக் காற்றுக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்கு ஏறுகிறவர்கள், கைக்கு எட்டிய கம்பித் தூணைப் பிடித்துத்தான் ஏறுவார்கள். வேறு வழியும் இல்லை. அங்கேயும் இதே திருப்பம்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு இழுப்பும் தண்ணீர் இறங்காதபடி போல்டைச் சுற்றியுள்ள அடைப்பைக் கொஞ்சம் இளக்கும்.

படகு வைத்திருப்பவர்கள் தூணின் தலையைப் பிடித்து உள்ளும் வெளியும் அசைக்கட்டும், இன்னொருவர் அடியைப் பார்க்கட்டும். அடித்தட்டைச் சுற்றிப் பழுப்புக் கசிவோ மயிரிழை வெடிப்போ தெரிந்தாலும், தளம் சேர்ந்து அசைந்தாலும், கழற்றி உள்ளே பார்த்தே ஆகவேண்டும். பாதுகாப்புக்குக் கட்டும் இடுப்புப் பட்டியின் கொக்கியை இந்தக் கம்பியில் மாட்டக்கூடாது, தளத்தோடு நீளமாகக் கட்டிய தனி நாடாவில்தான் மாட்டவேண்டும்.